செருப்பைப் போட்டுப் பார்த்து வாங்குகிறோம், ஹெட்செட்டை?



போன சனிக்கிழமை ஜங்ஷனில் ஒரு கடைக்குள், தலையில் பெரிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். என்னிடம் பிளஸ் டூ படித்த ஒருவன் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை. உடனே போட்டோ எடுத்து அவர்கள் செட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் மூன்று போன். "சார் பப்ஜி ஆடுதாவளாமே?" என்று ஒருத்தன். கொழுந்தியாள் வீட்டிலிருந்து, "அத்தான், இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?" என்று ஒரு விசாரணை.

நான் எதுவும் ஆடவில்லை. பேரனுக்கு ஹெட்செட் வாங்கப் போயிருந்தேன். மாட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவுதான். ஆனால் இவ்வளவு தூரம் பேச்சாகிவிட்டதால், ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இன்றைக்குப் பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் படியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் இராத்திரி. பிளஸ் ஒன் படிக்கிற பேரன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"தாத்தா, காதுக்குள்ள ஙொய்ங்குன்னு ஒரே சத்தமா இருக்கு. ஃபேனை நிப்பாட்டினாலும் அது நிக்க மாட்டேங்கு."

அன்றைக்கு லீவு. கூட்டாளிகளோடு சேர்ந்து நாலரை மணி நேரம் விளையாடியிருக்கிறான். எந்த ஹெட்செட் என்று பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்ததுதான். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கு என்று, கடையில் இரண்டு நிமிஷம் நின்று, இருப்பதிலேயே விலை குறைவானது எது என்று கேட்டு வாங்கியது. அப்போது அவனுக்குப் பதினொரு வயது. இப்போது பதினாறு. தலை வளர்ந்திருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறான், ஹெட்செட் மட்டும் அதேதான். "அழுத்தி வலிக்கு தாத்தா. அதனால ஒரு காதுல இருந்து பாதி கழட்டி வச்சுக்கிடுவேன். அப்ப சத்தம் பத்தாது, கூட்டி வச்சுக்கிடுவேன்" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தில் மொத்தப் பாடமும் இருக்கிறது. வலிக்கிறது, அதனால் விலக்குகிறான். விலக்கினால் சத்தம் ஒழுகிப்போகிறது, அதனால் கூட்டுகிறான். கூட்டினால் காது கெடுகிறது. உட்காருவதற்குச் சுகமாக இருக்கிறதா என்பதும், சத்தம் நன்றாக இருக்கிறதா என்பதும், காதுக்குக் கெடுதலா என்பதும் மூன்று தனித்தனிக் கேள்விகள் என்று நான் நினைத்திருந்தேன். மூன்றும் ஒரே கேள்விதான்.

மறுநாள் காலையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். செவித்திறன் சோதனை எடுத்தார்கள். அளவு சரியாக இருந்தது. இரைச்சலும் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. மருத்துவர் அவனிடம் சொன்னது: "இந்தத் தடவை திரும்பி வந்துட்டு. எல்லாத் தடவையும் திரும்பி வரும்னு நினைச்சிக்கிடாத."

அன்றைக்கு எனக்கு என் தாய்மாமா ஞாபகம் வந்தது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டினவர். தறி ஓடுகிற தெருவுக்குள் நுழைந்தாலே அந்தச் சடசடப்பு கேட்கும். ஒரே கூரையின் கீழ் பல தறி ஓடும் இடத்தில் 90 டெசிபலுக்கு மேல் போவது சாதாரணம். முப்பது வருஷம் அதற்குள் நின்றவர் மாமா. நாற்பத்தைந்து வயதில் அவருக்குக் காது கேட்கும், ஆனால் பேச்சு விளங்காது. "சத்தம் கேக்கு மருமவனே, என்ன சொல்லுதன்னுதான் வெளங்கல" என்பார். "வடை வேணுமா?" என்று அத்தை கேட்டால், "கடைக்குக் காலையிலேயே போயிட்டு வந்துட்டேனே" என்று பதில் வரும். நாங்கள் சிரிப்போம். அவரும் கூடச் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக. எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு அது என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. கடைசிப் பத்து வருஷம் விசேஷ வீடுகளுக்கே வருவதை நிறுத்திவிட்டார்.

ஏன் அப்படி ஆகிறது என்பதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மறந்திருப்பீர்கள், மறுபடியும் சொல்கிறேன். உட்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்டிருக்கும் குழாய்க்குள் மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000. சத்த அலை வந்து இவற்றை அசைத்தால்தான் நரம்புக்குச் செய்தி போகும். அளவுக்கு மீறிய சத்தத்தில் இவை களைத்துச் சாய்கின்றன. ஓய்வு கொடுத்தால் நிமிரும். திரும்பத் திரும்ப அடித்தால் செத்துப்போகும். தலைமுடி மாதிரித் திரும்ப முளைக்காது. இரைச்சலில் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சுருதிப் பகுதி. பேச்சில் அ, ஆ, ஐ என்கிற உயிரொலிகளுக்கு வலு அதிகம், சுருதி குறைவு. க, ச, த, ப என்று வார்த்தையைப் பிரித்துக் காட்டுகிற மெய்யொலிகள் மெலிந்தவை, பல உயர்ந்த சுருதியில் இருப்பவை. அந்தப் பகுதி போய்விட்டால் கடை, சடை, தடை, படை, வடை எல்லாம் ஒன்றுதான்.

மாமாவுக்கு வேறு வழி இல்லை. அது சோறு போட்ட தறி. பேரனுக்கு என்ன கட்டாயம்?

விளையாட்டுச் சத்தம் தறிச் சத்தம் ஆகுமா என்று கேட்பீர்கள். 2024 ஜனவரியில் பிஎம்ஜே பப்ளிக் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 9 நாடுகளில் நடந்த 14 ஆய்வுகள், மொத்தம் 53,833 பேர். விளையாடுகிறவர்கள் பல சமயம் பாதுகாப்பான அளவை ஒட்டியோ, மீறியோ சத்தம் வைத்துக் கேட்கிறார்கள், அதனால் நிரந்தரமான செவித்திறன் இழப்போ காது இரைச்சலோ வரக்கூடும் என்று அது எச்சரிக்கிறது. ஆய்வுகள் இன்னும் போதாது என்பதையும் அதை எழுதியவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் சும்மா இருக்கவில்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தோடு சேர்ந்து, வீடியோ விளையாட்டுக்கென்றே பாதுகாப்பாகக் கேட்பதற்கான ஒரு தர வரையறையை 2025-ல் வெளியிட்டது.

அவர்கள் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். இதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூட்டும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். அதுவும் பெரியவர்களுக்கு. என் பேரன் ஒரே நாளில் நாலரை மணி நேரம் ஆடினான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நல்ல ஹெட்செட் எது? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். குறைந்த சத்தத்தில் எல்லாம் தெளிவாகக் கேட்கிற ஹெட்செட்தான் நல்ல ஹெட்செட். மற்றதெல்லாம் பெட்டி மேல் அச்சடித்த எழுத்து.

அந்தப் பெட்டி எழுத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

"7.1 சரவுண்ட்" என்று போட்டிருப்பார்கள். ஏழெட்டு ஸ்பீக்கர் உள்ளே இருப்பதாக நினைக்காதீர்கள். பெரும்பாலும் இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று, அவ்வளவுதான். மீதி கணிப்பொறி செய்கிற வேலை. அது போதும் என்பதும் உண்மை. நமக்கே இரண்டு காதுதானே! பின்னால் ஒருவன் நடந்து வந்தால் எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையில் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கின் பாதி வருகிறது. அந்த நேர வித்தியாசத்தையும், தலை மறைப்பதால் சத்தத்தில் வரும் சின்ன ஏற்றத்தாழ்வையும் வைத்து மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் இந்தக் கணக்கு விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் ஹெட்செட்டின் 7.1-ஐயும் போட்டால், சாம்பாரில் இரண்டு பேர் உப்புப் போட்ட கதைதான். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

"50 எம்எம் டிரைவர்" என்பார்கள். டிரைவர் என்பது உள்ளே அதிர்கிற தகடு. பெரிதாக இருந்தால் நல்லது என்பதற்கு ஒரு விதியும் இல்லை. சுருதி எல்லை "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்பது எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அந்த எல்லைக்குள் எதை ஏற்றி, எதை இறக்கி ஒலிக்கிறது என்பதுதான் கேள்வி, அதைப் பெட்டி சொல்லாது.

"எக்ஸ்ட்ரா பேஸ்" என்பதுதான் இருப்பதிலேயே ஏமாற்று. பழைய மாணவர்களை நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய், அந்த இசைத்தூண்களைக் காட்டி அதிர்வெண் பாடம் நடத்தினேன். கல் ஒன்று, ஆனால் தூணுக்குத் தூண் சுரம் வேறு. ஞாபகம் இருக்கிறதா? அதே கோயிலின் ஆனித் தேரோட்டத்தில், மேளத்துக்குப் பக்கத்தில் நின்று உங்கள் காதில் ஒருவன் இரகசியம் சொன்னால் கேட்குமா? கனத்த சத்தம் மெலிந்த சத்தத்தை மூடிவிடும். விளையாட்டில் குண்டுச் சத்தம் மேளம், எதிராளியின் காலடிச் சத்தம் இரகசியம். பேஸைக் கூட்டி வைத்த ஹெட்செட்டில் காலடி கேட்காது. கேட்காததால் பையன் என்ன செய்வான்? சத்தத்தைக் கூட்டுவான். மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறோம்.

கலர் கலராக எரிகிற லைட்டைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். மங்கலான வெளிச்சத்தில் விற்கிற அல்வாவைத் தேடிப்போய் வரிசையில் நின்று வாங்குகிற ஊர்க்காரர்கள் நாம். ஹெட்செட்டில் லைட் எரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது? மாட்டியிருப்பவன் கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது.

சரி, எதைத்தான் பார்ப்பது? நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

1. எடை. 250 கிராமை ஒட்டி இருந்தால் நல்லது. 350-ஐத் தாண்டினால் முதல் அரை மணி நேரம் தெரியாது, இரண்டாவது மணி நேரத்தில் உச்சந்தலையில் ஒரு இடம் வலிக்கும். தலைப்பட்டையின் மெத்தை உச்சியில் அகலமாகப் படிகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

2. பிடி. குனிந்தால் விழக் கூடாது, நிமிர்ந்தால் நெரிக்கக் கூடாது. கண்ணாடி போட்ட பிள்ளை என்றால் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கால் மெத்தையைத் தூக்கி இடைவெளி உண்டாக்கினால், அந்த வழியாகக் கனத்த ஒலி ஒழுகும், ஃபேன் சத்தம் உள்ளே வரும். மெத்தை மென்மையாக இருந்தால் கண்ணாடிக் காலை உள்வாங்கிக்கொள்ளும்.

3. குழி. காது மடல் முழுதும் உள்ளே அடங்க வேண்டும். மடலின் மேல் மெத்தை உட்காரக் கூடாது. மடல் உள்ளே இருக்கிற தகட்டில் இடிக்கவும் கூடாது. என் பேரனின் பழைய ஹெட்செட்டில் இரண்டு தப்பும் இருந்தன.

4. மெத்தைத் துணி. இதை வெளிநாட்டுக்காரன் விமர்சனம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவன் ஊர் வேறு, நம் ஊர் வேறு. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மாடி அறையில் ரெக்சின் மெத்தையை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தால் காது வெந்துவிடும். வியர்வையும், ஆச்சி தேய்த்துவிடுகிற தேங்காய் எண்ணெயும் சேர்ந்து ஒரே வருஷத்தில் ரெக்சின் எள்ளு மாதிரி உதிரும், கன்னமெல்லாம் கறுப்புப் பொட்டு. காற்றோட்டமான துணி மெத்தை நமக்கு ஏற்றது. கழற்றி மாற்றுகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. தனி மெத்தை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஹெட்செட்டையே தூக்கிப் போட வேண்டாம்.

5. மூடியதா, திறந்ததா. வெளிப்பக்கம் துளையுள்ள திறந்த வகையில் ஒலி விசாலமாக இருக்கும், காதும் வேகாது. ஆனால் வீட்டுச் சத்தமெல்லாம் உள்ளே வரும். அமைதியான அறை உள்ளவர்களுக்கு அது சரி. ஐந்தில் ஃபேன் ஓடி, பக்கத்து அறையில் சீரியல் ஓடுகிற வீட்டில் மூடிய வகைதான் நல்லது. வெளிச் சத்தம் குறைந்தால் உள்ளே குறைத்து வைத்தே கேட்கலாம். அதோடு ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்குங்கள். இதற்குக் காசு இல்லை.

6. ஒயரா, புளூடூத்தா. சாதாரண புளூடூத்தில் ஒலி ஒரு விநாடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தாமதமாக வரும். பாட்டுக்குப் பரவாயில்லை, விளையாட்டுக்கு ஆகாது. மைக்கில் பேச ஆரம்பித்தால் பல புளூடூத் ஹெட்செட்டுகளில் ஒலியின் தரமும் சட்டென்று பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும். ஒயர் இருக்கட்டும். ஒயர் வேண்டாம் என்றால், தனியாக யூஎஸ்பி வில்லை கொடுத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பாருங்கள், அதில் தாமதம் தெரியாது. ஒயர் வாங்குகிறவர்கள் போனில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா, கணிப்பொறியில் மைக்குக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று இரண்டு துளையா என்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள். இரண்டு என்றால் பிரிக்கிற ஒயர் ஒன்று வேண்டும். எங்களுக்கு அதற்காக இரண்டாம் நடை போக வேண்டியதாயிற்று.

7. மைக். பக்கத்து ஃபேன் காற்றை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டும். தன் குரல் தனக்கே இலேசாகக் கேட்கிற வசதி இருந்தால் இன்னும் நல்லது. காதை அடைத்துக்கொண்டு பேசுகிறவன் கத்தித்தான் பேசுவான். இராத்திரி பதினொரு மணிக்கு "பின்னால வாரான்ல, பின்னால வாரான்" என்று இவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அண்ணாச்சி கம்போடு வெளியே வந்திருக்கிறார்.

முதலில் போன கடையில், "பெட்டியைப் பிரிச்சா அப்புறம் விக்க முடியாது சார்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. நான் கோபப்படவில்லை, வாங்கவும் இல்லை. இரண்டாவது கடையில் மாட்டிப் பார்க்க மூன்று மாதிரி வைத்திருந்தார்கள். லைட் எரிகிற ஒன்று கிட்டத்தட்ட 400 கிராம், பேரன் கண் அதில்தான் இருந்தது. இன்னொன்று புளூடூத். மூன்றாவது ஒரு சாதா கறுப்பு, துணி மெத்தை, ஒயர், கொஞ்சம் கூட அழகில்லை.

சோதனை இப்படி வைத்தேன். பேரன் போனில் சத்தத்தைப் பாதிக்கு வைத்தோம். முதலில் ஒரு பேச்சு. ச, த, ப எல்லாம் தனித்தனியாக விளங்குகிறதா? அடுத்து நாதஸ்வரமும் தவிலும். தவில் நாதஸ்வரத்தை முழுங்குகிறதா? கடைசியாக அவனுடைய விளையாட்டு. காலடி எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிச் சொல்ல வேண்டும். இதற்கிடையில் மகளை ஒரு கை தூரத்தில் நிற்க வைத்துச் சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். அது காதில் விழாவிட்டால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். பிறகு ஒவ்வொன்றையும் பத்து நிமிஷம் கழற்றாமல் உட்கார வேண்டும். அவன் உட்கார்ந்தான், நானும் உட்கார்ந்தேன். நீங்கள் பார்த்த போட்டோ அப்போது எடுத்ததுதான்.

லைட் எரிகிறதை ஏழாவது நிமிஷத்தில் அவனே கழற்றி வைத்தான். "கழுத்து இழுக்கு தாத்தா" என்றான். கறுப்பை மாட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் முடித்தான். முடித்துவிட்டு, "இதுல மாடிப்படி ஏறுதது கூடக் கேக்கு. சத்தம் பாதிதான் வச்சிருக்கேன்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாடத்தைப் பையன் தானே கண்டுபிடிக்கும்போது வாத்தியார் வாயைத் திறக்கக் கூடாது. 2,300 ரூபாய். லைட் எரிந்ததைவிட 1,200 ரூபாய் குறைவு.

எந்தக் கம்பெனி என்று கேட்டு மெசேஜ் வரும். சொல்ல மாட்டேன். அவன் தலைக்குப் பொருந்தியது உங்கள் பிள்ளை தலைக்குப் பொருந்த வேண்டும் என்று இல்லை. பத்துப் பேர் சொன்னார்கள் என்று யாராவது எட்டாம் நம்பர் செருப்பு வாங்குவோமா? ஹைப்பர்எக்ஸ், ரேசர், லாஜிடெக் என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் இருக்கின்றன, போட், காஸ்மிக் பைட் என்று நம் நாட்டுக் கம்பெனிகளும் இருக்கின்றன. எல்லோரிடமும் நல்லதும் உண்டு, வெறும் லைட்டும் உண்டு. ஆன்லைனில் வாங்குகிறவர்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வருமா, வேறு பீஸ்தான் தருவார்களா என்று முதலில் படித்துவிட்டு வாங்குங்கள். வந்த அன்றே இரண்டு மணி நேரம் மாட்டிப் பாருங்கள். விளையாட்டு ஹெட்செட் என்று பெயர் போட்டதுதான் வேண்டும் என்பதும் இல்லை. பாட்டுக் கேட்கிற நல்ல ஹெட்போனும் சட்டையில் மாட்டுகிற சின்ன மைக்கும் போதும்.

"விளையாடாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு, இவ்வளவு எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் சிலர் கேட்டார்கள். சொல்லிப் பார்க்காமலா இருந்தோம்? அரசாங்கமே சொல்லிப் பார்த்தது. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதையும் எடுத்தார்கள், 2023 மே மாதம் திரும்பி வந்தது. நடுவில் எந்தப் பையனும் விளையாடாமல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. காசு வைத்து ஆடுகிற விளையாட்டு வேறு. அது வீட்டுக்குள் வரவே கூடாது. ஆனால் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கம் கொடுத்த விளையாட்டுகளை எல்லாம் ஒரேயடியாகக் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தாம் வகுப்போடு திசைக்கு ஒன்றாகப் பிரிந்துபோன அவன் கூட்டாளிகள் இராத்திரி ஒரு மணி நேரம் கூடிப் பேசுகிற இடமாகவும் அது இருக்கிறது. நாங்கள் அந்த வயதில் ஆற்றங்கரைப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். இவர்களுக்குப் படித்துறை அது. பிடுங்கினால், இருபது ரூபாய் இயர்போனைக் காதுக்குள் செருகிக்கொண்டு போர்வைக்குள் ஆடுவான். அது இதைவிடக் கெடுதல்.

பாளையங்கோட்டையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நூறு வருஷம் தாண்டிய ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் பள்ளி இங்கே இருக்கிறது. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி. பஸ் நிறுத்தத்தில் அந்தப் பிள்ளைகள் கையாலேயே அடிக்கிற அரட்டையை எத்தனையோ தடவை பார்த்து நின்றிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு மொழி இருக்கிறது, ஒரு கூட்டம் இருக்கிறது. என் மாமாவுக்கு இரண்டும் இல்லை. பாதி வயதில் கொஞ்சம் கொஞ்சமாகக் காது போகிறவன், கேட்கிறவர்கள் கூட்டத்தின் நடுவிலேயே தனியாகிவிடுகிறான். நான் பயப்படுவது அதற்குத்தான்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் மின்சாரத்துக்கு நட்சத்திரம் ஒட்டுகிறோம். ஹெட்செட் பெட்டியில் எடை எவ்வளவு, காதுக்குழி எத்தனை மில்லிமீட்டர், அதிகபட்சச் சத்தம் எத்தனை டெசிபல் என்று மூன்று எண்ணைக் கட்டாயம் அச்சடிக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? உங்களில் சிலர் அரசுப் பதவியில் இருக்கிறீர்கள், சிலர் இதே எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் இருக்கிறீர்கள். உங்கள் பழைய வாத்தியார் போட்ட வீட்டுப்பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது: போனில் ஒலி வரம்பு வைக்கிற வசதி இருந்தால் இன்றைக்கே வையுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி வைத்துவிட்டு எழுந்து நடக்கச் சொல்லுங்கள். விளையாடி முடித்ததும் வீட்டுச் சத்தம் பஞ்சு அடைத்த மாதிரிக் கேட்டாலோ, இரைச்சல் கேட்டாலோ, அடுத்த நாள் விளையாட்டு கிடையாது. போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். "காது இரையுது" என்று பிள்ளை வந்து சொன்னால் முதலில் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்ல மாட்டான். என் பேரன் வந்து சொன்னதால்தான் இன்றைக்கு இதை நிம்மதியாக எழுதுகிறேன்.

நேற்று இராத்திரி ஆச்சி அடுப்பங்கரையிலிருந்து, "தோசை ஆறுதுடே!" என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். ஹெட்செட்டோடு இருந்தவன், "வாரேன் ஆச்சி" என்று பதில் கொடுத்தான். வரக் கால்மணி நேரம் ஆயிற்று. அது வேறு பிரச்சினை.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்